வருமானத்துக்குத் தடம் வையுங்கள்: 2020இல் அரசாங்க உதவி எட்டாத ஊழியர்களை முன்வைத்து ஒரு வழிகாட்டி

2020 மே மாதத்தின் நடுவில் ஓர் இரவு, சிங்கப்பூரின் தேக்காவில் பூக்கட்டி விற்கும் அக்கா ஒருவர் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். தினசரி நாள்காட்டியிலிருந்து கிழித்த தாளின் பின்பக்கத்தில், பென்சிலால் "வளைகாப்பு, 12 மாலை, 180" என்றும், அதன் கீழே வேறு மையில் "பாக்கி 60" என்றும் எழுதியிருந்தது. தாளின் முன்பக்கத்தில் தேதி இருந்தது. ஆனால் அது தாளைக் கிழித்த தேதிதானே தவிர மாலை கட்டிக் கொடுத்த தேதி இல்லை. "இது போதுமா தம்பி?" என்று குரல்பதிவில் கேட்டிருந்தார்.

அவருக்கு அப்போது 52 வயது. சிங்கப்பூர்க் குடிமகள், அரசாங்கம் கட்டிய மூவறை வீவக அடுக்குமாடி வீட்டில் வசிப்பவர், 15 ஆண்டுகளாக அதே தொழிலைச் செய்பவர். ஏப்ரல் 7ஆம் தேதி கொவிட்-19 தொற்றைத் தடுக்க கிருமிப்பரவல் முறியடிப்பு நடவடிக்கை என்ற முடக்கம் தொடங்கியதும் கோயில்கள் மூடப்பட்டன, திருமணங்கள் தள்ளிப்போயின, அவருடைய வருமானமும் அன்றோடு நின்றது. சுயதொழில் செய்வோருக்கு மாதம் 1,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வீதம் ஒன்பது மாதங்களுக்கு அறிவிக்கப்பட்ட உதவித்தொகைக்கான வயது, வீடு, வருமான வரம்பு ஆகிய நிபந்தனைகள் அனைத்தும் அவருக்குப் பொருந்தின. ஆனாலும் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அந்த 15 ஆண்டுகளில் ஒருமுறைகூட அவர் தம் வருமானத்தை வரி ஆணையத்துக்கோ, ஊழியர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பைக் கவனிக்கும் மத்திய சேமநிதிக் (சிபிஎஃப்) கழகத்துக்கோ தெரிவித்ததில்லை. அவரைப் பொறுத்தவரை, சம்பளம் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் வராதபோது தெரிவிக்க என்ன இருக்கிறது என்ற எண்ணம்தான்.

அவரைப் போன்றவர்களுக்கு அந்த ஆண்டில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்த அனுபவத்திலிருந்து இதை எழுதுகிறேன். அந்தத் திட்டங்கள் எல்லாம் முடிந்துவிட்டன. இனி அவற்றுக்கு விண்ணப்பிக்க முடியாது. ஆனால் அவை எந்த வழியாக மக்களைச் சென்றடைந்தன, யாரை விட்டுவிட்டன என்பதைத் தெரிந்துகொண்டால், அடுத்த நெருக்கடிக்கு முன் இப்போதே என்னென்ன செய்து வைக்கலாம் என்பது தெளிவாகும்.

பணம் வந்த வாய்க்கால்கள்

2020 பிப்ரவரி 18 முதல் மே 26 வரை, நூறு நாள்களுக்குள் நான்கு வரவுசெலவுத் திட்டங்கள் அறிவிக்கப்பட்டன. அப்போதைய நிதியமைச்சர் ஹெங் சுவீ கியட் அறிவித்த அவற்றின் மொத்த மதிப்பு ஏறத்தாழ 100 பில்லியன் வெள்ளி. இவ்வளவு பெரிய தொகை சில வாரங்களில் மக்கள் கைக்குச் செல்ல வேண்டுமானால், அரசாங்கத்திடம் ஏற்கெனவே இருந்த பதிவுகளின் வழியாகத்தான் சென்றாக வேண்டும். ஊழியர் சம்பளத்தில் ஒரு பங்கை முதலாளிக்கு ஈடுசெய்த வேலை ஆதரவுத் திட்டம், மத்திய சேமநிதிச் சந்தாப் பதிவைப் பார்த்துக் கணக்கிடப்பட்டது. 2020 ஏப்ரல் மாதச் சம்பளத்தில் முதல் 4,600 வெள்ளிக்கு 75 விழுக்காடு வரை அதில் கிடைத்தது. சுயதொழில் செய்வோருக்கான வருமான நிவாரணத் திட்டம், அதாவது எல்லாரும் எஸ்ஐஆர்எஸ் என்று சொன்ன திட்டம், வருமான வரிப் பதிவைப் பார்த்தது. குறைந்த வருமான ஊழியருக்கான 3,000 வெள்ளிச் சிறப்புத் தொகை, முந்தைய ஆண்டில் வொர்க்ஃபேர் என்ற ஊதியத் துணைத்தொகை பெற்றவர்களின் பட்டியலைப் பின்பற்றியது. தொழிலையும் வருமானத்தையும் பாராமல், வயது வந்த குடிமகன் என்ற ஒன்றுக்காகவே வந்தது ஏப்ரலில் கிடைத்த 600 வெள்ளி மட்டும்தான்.

எனவே விடுபட்டவர்கள் பெரும்பாலும் ஏழைகளாக இருந்ததால் விடுபடவில்லை. இந்தப் பதிவுகளில் ஏதோ ஒன்றில் அவர்கள் பெயர் ஏறாமல் இருந்ததால் விடுபட்டார்கள். சம்பளத்தை உறையில் வாங்கிச் சேமநிதி இல்லாமல் வேலை பார்த்த கடை உதவியாளருக்காக அவருடைய முதலாளிக்கு எதுவும் வரவில்லை. அதனால் அவரை வேலையில் வைத்துக்கொள்ள முதலாளிக்குக் காரணமும் இல்லாமல் போயிற்று. வீட்டில் பலகாரம் செய்து விற்றவர்களுக்கு மே 12 வரை விற்கத் தடை இருந்தது. அவர்களில் பலர் தம்மைச் சுயதொழில் செய்பவராகவே நினைத்ததில்லை. எஸ்ஐஆர்எஸ் திட்டத்துக்கு 2020இல் 37 வயது நிறைந்திருக்க வேண்டும் என்று விதி இருந்ததால், 34 வயது நாட்டிய ஆசிரியை மேல்முறையீடு செய்ய வேண்டியிருந்தது. டாக்சிக்கும் தனியார் வாடகைக் காருக்குமான சிறப்பு நிவாரணம் வாகனத்துக்கு மாதம் 300 வெள்ளி என்று கணக்கிடப்பட்டதால், இரவுப் பொழுது மட்டும் ஓட்டும் ரிலீஃப் டிரைவருக்கு அதில் பங்கு கிடைப்பது, வண்டியை வாடகைக்கு எடுத்தவரின் மனத்தைப் பொறுத்ததாக இருந்தது.

விதிகளை வகுத்தவர்கள்மேல் மட்டும் பழி சொல்ல எனக்கு மனமில்லை. முதலில் அறிவிக்கப்பட்ட நிபந்தனைகள் சில வாரங்களிலேயே தளர்த்தப்பட்டன: வீட்டின் ஆண்டு மதிப்பு (அதை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் கிடைக்கக்கூடிய தொகை) வரம்பு 13,000 வெள்ளியிலிருந்து 21,000 வெள்ளிக்கு உயர்ந்தது, சுயதொழிலோடு சிறிய சம்பள வேலையும் பார்த்தவர்கள் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். ஆனால் பதிவே இல்லாதவருக்கு எந்தத் தளர்வும் தானாக வந்து சேரவில்லை. அவர் ஒவ்வொன்றையும் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. வாடகை பாக்கி நிற்கும் நேரத்தில், ஆங்கிலப் படிவத்தில், கேட்டு வாங்குவது எளிதில்லை.

முதலில், நீங்கள் யார் என்று முடிவு செய்யுங்கள்

நீங்கள் ஊழியரா, சுயதொழில் செய்பவரா, செயலித் தளங்கள் வழியாக வேலை பெறும் தளத்தொழிலாளரா, வெளிநாட்டிலிருந்து வந்து வேலை அனுமதியில் இருப்பவரா என்பதைப் பொறுத்தே உங்களுக்கான பதிவு அமையும். இதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைப்பவர்கள், உணவகத்தில் மாலை ஆறு முதல் பதினொன்று வரை தினமும் பரிமாறும் ஒருவரை, "நீ ஃப்ரீலான்ஸ், உனக்குச் சிபிஎஃப் கிடையாது" என்று முதலாளி சொல்லி வைத்திருப்பதைக் கேட்டதில்லை என்று அர்த்தம். வேலை நேரத்தை யார் முடிவு செய்கிறார், கருவிகளும் பொருள்களும் யாருடையவை, உங்களுக்குப் பதில் வேறொருவரை அனுப்ப உங்களுக்கு உரிமை உண்டா, நட்டம் வந்தால் யார் தலையில் விழும் என்ற நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். நேரமும் கருவியும் முதலாளியுடையதாக இருந்து, ஆளை மாற்றி அனுப்பவும் முடியாது என்றால், வாயால் என்ன பெயர் வைத்தாலும் நீங்கள் பெரும்பாலும் ஊழியர்தான்.

இருவகையாகவும் வேலை செய்பவர்கள் உண்டு. காலையில் பாலர் பள்ளியில் பகுதிநேர வேலை, மாலையில் வீட்டில் டியூஷன் என்று இருப்பவர், இரண்டு பதிவுகளிலும் இருக்க வேண்டும்.

ஊழியராக இருந்தால்

மாத ஊதியம் 50 வெள்ளிக்கு மேல் இருந்தாலே குடிமகனுக்கும் நிரந்தரவாசிக்கும் முதலாளி மத்திய சேமநிதிச் சந்தா கட்ட வேண்டும். 500 வெள்ளிக்கு மேல் போனால்தான் ஊழியரின் பங்கும் பிடிக்கப்படும். பகுதிநேரம், தற்காலிகம் என்று சொல்லி இதிலிருந்து நழுவ வழியில்லை. ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதிக்குப் பிறகு அரசாங்க இணையச் சேவைகளுக்கான அடையாளமான சிங்பாஸ் வழியாக உங்கள் சேமநிதிக் கணக்கைத் திறந்து, முந்தைய மாதச் சந்தா ஏறியிருக்கிறதா, சரியான சம்பளத்துக்கு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை. ஆயிரத்து அறுநூறு சம்பளத்துக்கு எண்ணூறுக்கு மட்டும் சந்தா கட்டி, மீதியைக் கையில் கொடுக்கும் பழக்கம் சில கடைகளில் உண்டு. கையில் கூடுதலாக வருகிறதே என்று ஊழியரும் சும்மா இருப்பார். நெருக்கடியில் உங்கள் வருமானமாக அரசாங்கத்துக்குத் தெரிவது அந்த எண்ணூறுதான்.

இரண்டாவதாக, சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். 2016 ஏப்ரல் 1 முதல் அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள், மிகைநேர ஊதியம் ஆகியவற்றைத் தனித்தனியாகக் காட்டும் சீட்டைத் தருவது வேலை நியமனச் சட்டத்தின்கீழ் முதலாளியின் கடமை. 2020இல் சம்பளக் குறைப்புக்கான மானியத்துக்கு விண்ணப்பித்தவர்கள், சம்பளம் குறைந்தது 30 விழுக்காடு குறைந்ததைக் காட்ட வேண்டியிருந்தது. குறைந்ததைக் காட்டுவதற்கு முன், குறையாமல் இருந்தபோது எவ்வளவு என்பதைக் காட்டியாக வேண்டும். ஏப்ரல் மாதச் சீட்டு இருந்து ஜனவரி மாதச் சீட்டு இல்லாதவர்கள் எத்தனை பேர் என்பதைப் பார்த்தபோது, நல்ல காலத்துச் சீட்டைத்தான் பத்திரமாக வைக்க வேண்டும் என்று புரிந்தது.

சம்பளமில்லா விடுப்பில் அனுப்பினாலோ சம்பளத்தைக் குறைத்தாலோ அதை எழுத்தில் தரும்படி கேளுங்கள். முதலாளி தயங்கினால், "இன்று முதல் சம்பளமில்லா விடுப்பு என்று நீங்கள் சொன்னதை உறுதிப்படுத்திக்கொள்கிறேன்" என்று நீங்களே ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். அவர் "சரி" என்று பதில் போட்டாலே அது ஆவணம்.

சுயதொழில் செய்பவராக இருந்தால்

இங்கேதான் அதிகம் பேர் விடுபட்டார்கள் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் போதும். கணக்கியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு வேலைக்கு ஒரு வரி: தேதி, யாருக்கு, என்ன, வந்த தொகை, செலவான தொகை. பூக்கட்டும் அக்காவின் வளைகாப்பு வேலையை இப்படி மாற்றி எழுதினோம்: 12 மாலை, வரவு 180, மல்லிகையும் ரோஜாவும் 74, நார் 3, டாக்சி 14, மிச்சம் 89. அந்த 89தான் வரி ஆணையம் கேட்கும் நிகர வணிக வருமானம். எழுதி முடித்ததும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. 180 வெள்ளி வேலை என்றே அத்தனை ஆண்டுகளும் நினைத்திருந்தாராம்.

பணத்தை முடிந்தவரை வங்கி வழியாக வாங்குங்கள். கைப்பேசியிலேயே உடனடியாகப் பணம் அனுப்பும் பேநவ் வந்த பிறகு வாடிக்கையாளருக்கும் இது சுலபம். தொழிலுக்கென்று தனிக் கணக்கு ஒன்றைத் திறந்து வைத்தால், பிள்ளையின் பள்ளிச் செலவும் பூ வாங்கிய செலவும் ஒரே பட்டியலில் கலந்து கிடக்காது. ரொக்கமாக வந்தால் அன்றே நோட்டில் எழுதி, வாரக் கடைசியில் மொத்தத்தையும் அந்தக் கணக்கில் போட்டுவிடுங்கள். கடை ரசீதுகளில் பல ஆறு மாதத்தில் எழுத்து மங்கி வெள்ளைத் தாளாகிவிடும் வெப்பக் காகிதத்தில் அச்சாகின்றன. வாங்கிய அன்றே கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பதிவுகளை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி.

அடுத்தது தெரிவிப்பது. ஆண்டு நிகர வணிக வருமானம் 6,000 வெள்ளிக்கு மேல் இருந்தால் வரி ஆணையத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். மின்வழித் தாக்கல் மார்ச் 1 முதல் ஏப்ரல் 18 வரை நடக்கும். வருமானத்தைத் தெரிவிப்பது வேறு, வரி கட்டுவது வேறு. தனிப்பட்டவரின் வரிக்குரிய வருமானத்தில் முதல் 20,000 வெள்ளிக்கு வரியே இல்லை என்பதால், இப்படிச் சிறு தொழில் செய்பவர்களில் பலருக்கு வரி என்று ஒரு காசும் வராது. இதைச் சொன்னபோது நம்பாதவர்களே அதிகம். வரி ஆணையத்தின் பெயரைக் கேட்டதும் பேச்சை மாற்றியவர்களும் உண்டு.

மெடிசேவ், அதாவது சேமநிதியின் மருத்துவச் சேமிப்புக் கணக்கில் பணம் கட்ட வேண்டி வரும் என்பதுதான் உண்மையான தயக்கம். 6,000 வெள்ளிக்கு மேல் ஈட்டுபவர்கள் மெடிசேவ் சந்தா கட்ட வேண்டும். பூக்கட்டும் அக்காவைப் போல 50 வயதைத் தாண்டி, மாதம் 950 வெள்ளி, அதாவது ஆண்டுக்கு 11,400 வெள்ளி ஈட்டுபவருக்கு அது ஐந்தேகால் விழுக்காடு. 600 வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. அந்தத் தொகை அவருடைய மருத்துவச் செலவுக்கு அவர் பெயரிலேயே இருக்கும். அதைக் கட்டி வருமானத்தையும் தெரிவித்தால்தான் சுயதொழில் செய்பவருக்கு வொர்க்ஃபேர் கிடைக்கும். தகுதியுள்ளவர்களுக்கு அதில் 10 விழுக்காடு ரொக்கமாகவும் மீதி மெடிசேவிலும் வரும். ஆண்டு வருமானம் 6,000 வெள்ளிக்குக் குறைவாக இருப்பவரும் சேமநிதிக் கழகத்தில் தெரிவித்து, விரும்பி மெடிசேவ் கட்டித் தம் வருமானத்தைப் பதிவில் ஏற்றலாம். மாதத் தவணையில் கட்டவும் ஏற்பாடு உண்டு.

சிலர் மெடிசேவுக்கு அஞ்சி வருமானத்தைப் பாதியாகக் குறைத்துத் தெரிவிக்கிறார்கள். 2021 ஜனவரியில் தொடங்கிய மீட்சி மானியத்தில், சுயதொழில் செய்வோர் முன்பு ஈட்டியதில் குறைந்தது பாதியை இழந்திருக்க வேண்டும் என்று இருந்தது. அந்த "முன்பு" என்பது வரி ஆவணத்தில் இருந்த தொகை. உண்மையில் 2,000 ஈட்டி 900 என்று தெரிவித்தவர், வருமானம் 700ஆக வீழ்ந்தபோது பாதியைக்கூட இழக்கவில்லை என்றே அவருடைய ஆவணம் சொல்லும். பொய்யான கணக்கு என்பதால் தண்டனைக்கும் இடமுண்டு.

டாக்சியும் வாடகைக் காரும் ஓட்டுபவர்களுக்கு ஒரு வசதி உண்டு: செலவுகளை ஒவ்வொன்றாகக் காட்டாமல், மொத்த வருமானத்தில் 60 விழுக்காட்டைச் செலவாகக் கழித்துக்கொள்ளலாம். ரிலீஃப் டிரைவர்கள், வண்டியை எடுத்தவரோடு வாய்ப்பேச்சில் முடிக்காமல், வாடகைக் கட்டணத்தில் யார் எவ்வளவு, உதவித்தொகை எதுவும் வந்தால் எப்படிப் பிரிப்பது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்வது நல்லது. நிறுவனத்தில் ரிலீஃப் டிரைவராக முறையாகப் பெயர் பதிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

தளத்தொழிலாளர் சட்டம் 2025 ஜனவரி 1 அன்று நடப்புக்கு வந்தபின், உணவு விநியோகிப்பவர்களுக்கும் தளங்கள் வழியாகக் கார் ஓட்டுபவர்களுக்கும் நிலைமை மாறியிருக்கிறது. 1995 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு ஊழியர்களுக்கு நிகரான சேமநிதிச் சந்தா படிப்படியாகக் கட்டாயமாகிறது. அதற்கு முன் பிறந்தவர்கள் விரும்பினால் சேரலாம். மூத்தவர்களில் பலர் கையில் வரும் பணம் குறையுமே என்று சேராமல் இருக்கிறார்கள். அது அவரவர் குடும்ப நிலைமை. சேர்வதா வேண்டாமா என்று கணக்குப் போடும்போது, 2020இல் சேமநிதிப் பதிவு எத்தனை கதவுகளைத் திறந்தது என்பதையும் அந்தக் கணக்கில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீடும் குடும்பமும் காகிதத்தில் எப்படி இருக்கின்றன

தகுதி பார்க்கும்போது உங்கள் வருமானத்தை மட்டும் பார்ப்பதில்லை. அடையாள அட்டையில் உள்ள முகவரியில் இருக்கும் வீட்டின் ஆண்டு மதிப்பு, உங்கள் பெயரிலும் துணைவர் பெயரிலும் எத்தனை சொத்துகள், துணைவரின் வருமானம் எல்லாம் கணக்கில் வந்தன. எஸ்ஐஆர்எஸ் திட்டத்தில் துணைவரின் ஆண்டு வருமானம் 70,000 வெள்ளியைத் தாண்டக்கூடாது. தனியார் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து அந்த முகவரியைப் பதிந்திருந்த மிருதங்க ஆசிரியர் ஒருவர், வசதியான வீட்டுக்காரராகக் கணினிக்குத் தெரிந்தார். அக்காவின் வீட்டில் குடியேறி முகவரியை மாற்றாதவர்கள், பிரிந்து வாழ்ந்தும் மணமுறிவு ஆவணம் முடியாதவர்கள், அப்பா வாங்கிய இரண்டாவது வீட்டில் பெயரை மட்டும் கொடுத்தவர்கள் ஆகியோருக்கும் இதே சிக்கல்தான். உங்களில் யாருக்காவது இது பொருந்துமானால், முகவரியை இப்போதே சரிசெய்யுங்கள். வாடகை ஒப்பந்தத்தையும் வழக்கறிஞர் கடிதத்தையும் ஒரே கோப்பில் வையுங்கள். அடையாள அட்டை எண்ணோடு பேநவ் கணக்கை இணைத்து வைத்தால் பணம் விரைவாக வரும்.

நிராகரிக்கப்பட்டால்: மேல்முறையீடு

நான் பார்த்த விண்ணப்பங்களில், முதலில் இல்லையென்று வந்து மேல்முறையீட்டில் கிடைத்தவை கணிசம். ஆனால் பலர் முதல் பதிலோடு நின்றுவிட்டார்கள். மறுப்புச் செய்தி வந்தால் அதை அழிக்காதீர்கள். எந்த நிபந்தனையில் தவறினோம் என்று அதில் இருக்கும். மேல்முறையீடு அந்த ஒரு நிபந்தனைக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். எஸ்ஐஆர்எஸ் விண்ணப்பங்களையும் மேல்முறையீடுகளையும் அப்போது தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் (என்டியுசி) ஏற்று நடத்தியது. எந்தத் திட்டமானாலும் யார் நடத்துகிறார்கள், காலக்கெடு எது என்பதை முதல் நாளே குறித்துக்கொள்ளுங்கள்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. நம்மவர்கள் எழுதும் கடிதங்களில் முதல் முக்கால் பக்கம் கணவரின் நோய், மகனின் படிப்பு, மாமியாரின் மருந்து என்று போய், கடைசி வரியில்தான் வருமானம் நின்ற தேதி வரும். துயரம் உண்மைதான்; ஆனால் ஒரு நாளைக்கு நூறு கடிதம் படிப்பவருக்கு முதலில் வேண்டியது தேதியும் தொகையும். பூக்கட்டும் அக்காவுக்காக எழுதியது ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது:

"நான் 2005 முதல் பூமாலை கட்டி விற்று வருகிறேன். 2019இல் செலவு போக மாதம் சராசரியாக 950 வெள்ளி ஈட்டினேன். விவரம் இணைப்பு 1இல் உள்ளது. 2020 ஏப்ரல் 7 முதல் கோயில்களும் திருமணங்களும் நின்றதால் ஏப்ரலில் வருமானம் எதுவும் இல்லை, மே மாதத்தில் இதுவரை 40 வெள்ளி ஈட்டினேன். இதுவரை வருமானத்தைத் தெரிவிக்காததால் என் பெயர் பட்டியலில் இல்லை. இப்போது தெரிவித்துவிட்டேன்; அதற்கான சான்று இணைப்பு 2. வழக்கமாகப் பூ வாங்கும் மொத்த வியாபாரியின் கடிதமும் வாடிக்கையாளர் மூவரின் குறுஞ்செய்திகளும் இணைப்பு 3."

கணவரைப் பற்றி அதற்குப் பிறகு இரண்டு வரி. பழைய குறிப்புகளைத் திரட்ட மூன்று இரவுகள் ஆயின. வாடிக்கையாளர்களின் வாட்ஸ்அப் செய்திகளில் தேதி இருந்ததால் நாள்காட்டித் தாள்களை ஒவ்வொன்றாக அவற்றோடு பொருத்தினோம். பொருந்தாதவற்றைச் சேர்க்கவில்லை, நினைவிலிருந்து தொகையை எழுதச் சொன்ன உறவினர் ஒருவரோடு இதற்காகக் கொஞ்சம் மனத்தாங்கலும் வந்தது. முதல் தவணை மே மாதத்தில் கிடைத்தவர்களைவிடத் தாமதமாகத்தான் அவருக்குப் பணம் வந்தது, ஆனால் வந்தது.

ஆங்கிலம் தடையாக இருந்தால் தமிழில் எழுதி, நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் மொழிபெயர்க்கக் கொடுங்கள். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்குச் செல்லும்போது அதே கடிதத்தின் நகலையும் இணைப்புகளையும் கொண்டுபோங்கள். அங்குள்ள தொண்டூழியர் உங்களுக்காக வேறொரு கடிதம் எழுதுவார், அதில் தொகைகள் மாறிவிடக்கூடாது. மேல்முறையீட்டின் முடிவு வர வாரக்கணக்கில் ஆகும் என்பதால், இடைக்காலச் செலவுக்குச் சமூக சேவை அலுவலகத்தில் காம்கேர் உதவியையும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் குடும்ப உதவியையும் தனியாகக் கேளுங்கள். ஒன்றைக் கேட்டால் மற்றொன்று போய்விடும் என்று அஞ்சி இரண்டையும் இழந்தவர்கள் உண்டு. சம்பள வேலையைத் தம் விருப்பமின்றி இழந்த குடிமக்களுக்கு 2025 ஏப்ரலில் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம், ஆறு மாதங்களில் மொத்தம் 6,000 வெள்ளி வரை தருகிறது. முன்பு மாதம் சராசரியாக 5,000 வெள்ளிக்குமேல் ஈட்டாதவர்களுக்கானது அது. வேலை தேடுவதற்கும் பயிற்சிக்கும் நீங்கள் எடுத்த முயற்சியை அதில் மாதந்தோறும் காட்ட வேண்டியிருக்கும்.

உதவித்தொகை என்ற பெயரில் வரும் மோசடிகளும் நெருக்கடிக் காலத்தில் பெருகும். 2024 ஜூலை முதல் பெரும்பாலான அரசாங்க அமைப்புகளின் குறுஞ்செய்திகள் ஒரே அனுப்புநர் பெயரில்தான் வருகின்றன. எந்தத் திட்டத்துக்கும் சிங்பாஸ் மறைச்சொல்லைத் தொலைபேசியில் சொல்லாதீர்கள், உதவி செய்கிறேன் என்று வரும் என்னைப் போன்றவர்களிடமும் கூடத்தான்.

வேலை அனுமதியில் இருப்பவர்கள்

இவர்களுக்கு நான் சொல்லக்கூடியது குறைவு. மேலே சொன்ன திட்டங்கள் எதுவும் வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கானதல்ல. 2020இல் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் விடுதிகளில் அடைபட்டிருந்தபோது உணவும் மருத்துவமும் வந்தன. பண உதவி, வெளிநாட்டு ஊழியரை வைத்திருக்க முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டும் தீர்வையின் தள்ளுபடியாகவும் ஊழியர் ஒருவருக்கு 750 வெள்ளித் தீர்வைக் கழிவாகவும் முதலாளியிடம் சென்றது. அதை ஊழியரின் சம்பளத்துக்குப் பயன்படுத்துவார்கள் என்பது எதிர்பார்ப்பு. பயன்படுத்திய முதலாளிகள் உண்டு. பயன்படுத்தாதவரிடம் கேட்க ஊழியரிடம் இருந்த ஒரே பிடி, அவருடைய சம்பள உரிமைதான். ஜொகூரிலிருந்து தினமும் வந்துபோய், 2020 மார்ச் 18 அன்று மலேசியா நடமாட்டக் கட்டுப்பாட்டை விதித்ததும் எல்லையின் ஏதோ ஒரு பக்கத்தில் சிக்கிக்கொண்டவர்களுக்கும் இதே நிலைதான்.

ஆகவே அந்தப் பிடியை இறுக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். வேலை அனுமதிக்கு முன்பு வந்த கொள்கையளவு ஒப்புதல் கடிதத்தில் உங்கள் அடிப்படைச் சம்பளம் எழுதியிருக்கும். உங்கள் ஒப்புதலும் மனிதவள அமைச்சுக்கான அறிவிப்பும் இல்லாமல் முதலாளி அதைக் குறைக்க முடியாது. வெற்றுத் தாளிலோ, வாங்காத தொகைக்கான ரசீதிலோ கையெழுத்துப் போடாதீர்கள். சம்பளம் வங்கிக் கணக்கில் வரட்டும். ஏடிஎம் அட்டையை மேற்பார்வையாளரிடம் கொடுத்து வைக்காதீர்கள். வேலை செய்த நேரத்தைத் தினமும் எழுதுங்கள், வேலையிடத்தின் பெயரோடு. சம்பளம் தவறினால் முத்தரப்பு சர்ச்சை நிர்வாகக் கூட்டணியில் முறையிட, சம்பளம் வரவேண்டிய நாளிலிருந்து ஓராண்டு அவகாசம் உண்டு. வேலையை விட்டுவிட்டால் கடைசி வேலை நாளிலிருந்து ஆறு மாதம்தான். வெளிநாட்டு ஊழியர் நிலையத்தில் தமிழில் பேசி வழி கேட்கலாம்.

இந்தத் தாள்கள் அனைத்தையும் படம் எடுத்து ஊரில் இருக்கும் மனைவிக்கோ தம்பிக்கோ மாதம் ஒருமுறை அனுப்பி வைத்து, அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். வேலை போய் அவசரமாக விமானம் ஏற நேர்ந்தால், விடுதிப் பெட்டியில் இருக்கும் காகிதமும் உடைந்துபோன கைப்பேசியும் உங்களோடு வராமல் போகலாம்.